பழைய ஸ்பீக்கருக்குப் புதிய ரிசீவர்: மாத்தளை வீடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

மாத்தளையில் ஹோம் தியேட்டர் ரிசீவர்கள் சாகும் பருவம் ஆண்டுக்கு இரண்டு முறை வரும். மார்ச் – ஏப்ரல் ஒன்று, ஒக்டோபர் – நவம்பர் மற்றொன்று. வளிமண்டலவியல் திணைக்களம் இவற்றை இடைப் பருவப்பெயர்ச்சிக் காலங்கள் என்கிறது. ரிப்பெயர் கடைக்காரர்களுக்கு அறுவடைக் காலம். காலை முழுக்க வெயில் காயும். பின்னேரம் நக்கிள்ஸ் மலைப்பக்கம் கறுத்து வரும், நாலரை மணிக்கு ஓர் இடி, வீட்டில் ஏதோ ஒரு பெட்டியில் ‘டப்’. மறுநாள் திருகோணமலை வீதியில் இறந்த பெட்டியைத் துணியில் சுற்றிக் கையில் ஏந்தியபடி இரண்டு மூன்று பேராவது நடப்பார்கள்.

இறந்தது ரிசீவர் மட்டும்தான். ஐந்து ஸ்பீக்கரும் வூஃபரும் வீட்டில் உயிரோடு இருக்கின்றன. அவற்றுக்கு ஏற்ற புதிய ரிசீவரை எப்படித் தேர்வது என்பதே இக்கட்டுரையின் பொருள். நம்மவர்கள் பெரும்பாலும் கடைக்குப் போய், பெட்டியில் அதிக வாட் எழுதியிருப்பதைக் கை காட்டிவிட்டு வருகிறார்கள். செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிக்கும் வேலை அது. தேர்வு கடையில் தொடங்குவதில்லை, ஸ்பீக்கரின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டில் தொடங்குகிறது என்பது என் கட்சி. அந்தச் சீட்டு சில வீடுகளில் ‘ரிசீவரே வாங்காதே’ என்றும் சொல்லும். அதையும் ஒரு விடையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

சவுண்ட்பார்கள் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அவை தாமே அம்ப், தாமே ஸ்பீக்கர். அங்கே பொருத்தம் பார்க்க ஒன்றுமில்லை.

2. இந்த ஸ்பீக்கர்கள் வந்த வழி

பொருத்தம் பார்க்குமுன் குலம் கோத்திரம் பார்க்க வேண்டும். மாத்தளை வீடுகளில் உள்ள ஸ்பீக்கர்கள் ஏறத்தாழ மூன்று வழிகளில் வந்தவை.

முதலாவது, பழைய ஸ்டீரியோ செட்டுகள். 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கியபோது டீவி உள்ள வீட்டு விறாந்தைகளில் ஊரே கூடியது. அந்தத் தலைமுறையிடம் கெசட் டெக்கோடு வந்த மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் இன்னும் இருக்கின்றன. பெரும்பாலும் 8 ஓம், சில 6 ஓம். பலகை தடிப்பு, வேலைப்பாடு நேர்மை.

இரண்டாவது, மத்திய கிழக்கு. தோட்டங்களிலிருந்தும் டவுனிலிருந்தும் வேலைக்குப் போனவர்கள் கொண்டுவந்த டிவிடி ஹோம் தியேட்டர் செட்டுகள். ஒரே அட்டைப்பெட்டிக்குள் பிளேயர், அம்ப், ஐந்து சின்ன ஸ்பீக்கர், ஒரு வூஃபர் எல்லாம் அடக்கம். சவூதியில் வெகுகாலம் வீடுகளில் 127 வோல்ட்டும் 220 வோல்ட்டும் இருந்ததால் அங்கிருந்து வந்த சில பெட்டிகளின் பின்பக்கம் வோல்ட் மாற்றும் சின்ன சுவிட்ச் இருக்கும். அதைப் பார்க்காமல் இங்கே 230-இல் சொருகிப் புகை கண்ட வீடுகள் உண்டு.

மூன்றாவது, ஜப்பானில் பாவித்துக் கழித்து, கொள்கலனில் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து மலையேறிய சாமான்கள். ஸ்பீக்கர்களைப் பொறுத்தவரை இவை தங்கம். ரிசீவர்களைப் பற்றி ஆறாம் பிரிவில் சொல்கிறேன்.

இந்த மூன்றில் எந்த வழி என்று தெரிந்தாலே பாதி விடை கிடைத்துவிடும். சிக்கலெல்லாம் இரண்டாவதில்தான்.

3. ஸ்பீக்கரைப் படித்தல்

3.1 ஓம்

ஸ்பீக்கர் மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு இம்பீடன்ஸ். தமிழில் மின்மறுப்பு. ஓம் என்ற அலகில் அளப்பார்கள். முதுகில் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் அது நிலையான எண் அல்ல, சுருதிக்குச் சுருதி ஏறி இறங்கும். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் நியமப்படி, எழுதிய எண்ணின் 80 சதவீதத்துக்குக் கீழே அது இறங்கக் கூடாது. அதாவது 8 என்று எழுதினால் 6.4-க்குக் கீழே போகக் கூடாது. எல்லா உற்பத்தியாளர்களும் இதை மதிப்பதில்லை என்பது வேறு கதை.

ஓம் குறையக் குறைய ரிசீவருக்குச் சுமை கூடும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ரிசீவர் ஒரு கட்டத்தில் 20 வோல்ட்டை வெளியே தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 ஓம் ஸ்பீக்கர் 2.5 அம்பியர் இழுக்கும், 50 வாட் செலவாகும். அதே 20 வோல்ட்டில் 3 ஓம் ஸ்பீக்கர் ஏறத்தாழ 6.7 அம்பியர் இழுக்கும், 133 வாட். வொல்யூம் குமிழ் அதே இடத்தில்தான் நிற்கிறது, உள்ளே இருக்கும் ட்ரான்சிஸ்டர்கள் மட்டும் அடுப்பில் ஏறிவிட்டன. ஐந்து சானலும் இப்படி இழுத்தால் நல்ல ரிசீவர் ‘டிக்’ என்று ரிலேயை விட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். மலிவானது காப்பாற்றிக்கொள்ளாது.

ரிசீவரின் பின்பக்கம் ஸ்பீக்கர் முனைகளுக்கு அருகே ‘6–16 ஓம்’ என்றோ ‘4–16 ஓம்’ என்றோ அச்சிட்டிருக்கும். நம் வீட்டு ஸ்பீக்கரின் எண் அந்த எல்லைக்குள் வர வேண்டும். ஒரே பெட்டியில் வந்த டிவிடி செட்டுகளின் ஸ்பீக்கர்கள் பல 3 ஓம் அல்லது 4 ஓம். குறைந்த வோல்ட்டில் அதிக வாட் காட்டுவதற்காக உற்பத்தியாளர் செய்யும் உபாயம் அது. அந்த 3 ஓம் பெட்டிகளைச் சாதாரண ரிசீவரில் மாட்டக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

‘மெனுவில் ஓம் மாற்றும் செட்டிங் இருக்கிறதே’ என்பார்கள். இருக்கிறது. அதைக் குறைத்து வைத்தால் பெரும்பாலான பெட்டிகள் உள்ளே மின்வழங்கியின் வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளும். சூடு குறையும், வலுவும் கூடவே குறையும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஓர் ஒத்தடம். 3 ஓமுக்கு மருந்தாகாது.

சீட்டு கிழிந்து எண் தெரியாவிட்டால் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து ஸ்பீக்கரின் இரு முனைகளையும் தொட வேண்டும். மீட்டர் காட்டுவது நேர்மின் தடை. அது எழுதப்பட்ட எண்ணைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். 5.5 முதல் 7 வரை காட்டினால் 8 ஓம் ஸ்பீக்கர். நாலரை, ஐந்துக்குள் நின்றால் 6 ஓம். மூன்றைக் கொஞ்சம் தாண்டினால் 4 ஓம். மூன்றுக்கும் கீழே என்றால் அந்த டிவிடி செட்டுக் கூட்டம்தான். ஒன்றுமே காட்டாமல் திறந்த சுற்றாக இருந்தால் உள்ளே கொயில் எரிந்துவிட்டது. ரிசீவரோடு ஸ்பீக்கரும் போயிருக்கிறது, வாங்க வேண்டிய பட்டியலே மாறுகிறது.

3.2 உணர்திறன்

சீட்டில் ‘88 டெசிபல்’ என்பது போல இன்னோர் எண் இருக்கும். 2.83 வோல்ட் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் எவ்வளவு சத்தம் என்பது அதன் பொருள். 8 ஓமில் 2.83 வோல்ட் என்பது சரியாக 1 வாட், 4 ஓமில் அது 2 வாட் ஆகிவிடும். ஆகவே 4 ஓம் ஸ்பீக்கர்காரர் காட்டும் டெசிபலில் 3-ஐக் கழித்துப் பார்ப்பதே நியாயம்.

மாத்தளை ஹோலில் இது எப்படி வேலை செய்கிறது? 88 டெசிபல் ஸ்பீக்கரிலிருந்து 3 மீற்றர் தள்ளி உட்கார்ந்தால், சுவர்கள் திருப்பித் தருவதையும் சேர்த்து, 1 வாட்டுக்கு ஏறத்தாழ 82 டெசிபல் காதுக்கு வரும். நாடகமோ செய்தியோ கேட்பது 70 டெசிபல் அளவில். அதற்கு வேண்டியது வாட்டில் பதினாறில் ஒரு பங்கு. படத்தில் குண்டு வெடிக்கும்போது சராசரியைவிட 20 டெசிபல் மேலே போகிறது என்று வைத்தாலும் 6 வாட்டுக்குச் சற்று மேல். ஆயிரம் வாட் கேட்டுக் கடையில் நிற்பவர் வீட்டில் பெரும்பாலான நேரம் ஒரு வாட்டைக்கூட முழுதாகச் செலவழிப்பதில்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். சினிமா கொட்டகைக்கான நியம அளவில் உச்சம் 105 டெசிபல். அதை அதே ஹோலில், அதே ஸ்பீக்கரில் எட்ட ஒரு சானலுக்கு 200 வாட் வேண்டும். அது எந்தச் சாதாரண ரிசீவராலும் முடியாது, அந்தச் சத்தத்தைப் பக்கத்து வீட்டுக்காரரும் பொறுக்க மாட்டார்.

3.3 வூஃபர்

பலர் கவிழ்வது இங்கேதான். வூஃபர் பெட்டியின் பின்னால் கரண்ட் வயரும் பிளக்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அதற்குள் தனி அம்ப் உண்டு. ரிசீவரின் ‘சப் அவுட்’ வாயிலிருந்து ஒற்றை ஆர்சிஏ வயர் போதும், எந்த ரிசீவருக்கும் பொருந்தும். கரண்ட் வயர் இல்லாமல் சாதாரண ஸ்பீக்கர் வயர் மட்டும் வந்தால் அது வெறும் வூஃபர், தன் செட்டின் அம்பை நம்பி வாழ்ந்தது. புதிய ரிசீவரில் அதற்கு வீடு இல்லை. சப் அவுட் வாயில் வருவது குறிப்பலை மட்டும்தான், ஒரு கோனைத் தள்ளும் பலம் அதில் கிடையாது. தனி சப்வூஃபர் அம்ப் ஒன்றை நடுவில் வைத்தால் ஓடும். அந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் ரிசீவர் வாங்கியவர் வீட்டுக்கு வந்து, மிச்சமாகக் கையில் நிற்கும் வயரைப் பார்த்து முழிப்பார்.

3.4 ரப்பரும் ஃபோமும்

மாத்தளை கடல் மட்டத்திலிருந்து 360 மீற்றர் சொச்சம் உயரம். நுவரெலியாக் குளிர் இல்லை, ஈரம் உண்டு. மிளகும் கொக்கோவும் காய்க்கும் ஈரம் ஸ்பீக்கர் ஃபோமுக்கு நஞ்சு. கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையத்தை விரலால் மெல்லத் தொட்டால் கறுத்த பொடியாக உதிரும். அப்படிப்பட்ட ஸ்பீக்கருக்குப் புதிய ரிசீவர் வாங்குவதற்கு முன் ரப்பர் வளையம் ஒட்ட வேண்டும். ஒட்டுகிறவர்கள் கண்டியிலும் கொழும்பிலும் இருக்கிறார்கள்.

4. வாட் என்னும் மாயம்

ஒரே பெட்டிக்கு ‘80 வாட்’ என்றும் ‘150 வாட்’ என்றும் எழுதலாம். இரண்டும் பொய் இல்லை. முதலாவது: 8 ஓமில், இரண்டு சானல் ஓடும்போது, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 0.08 சதவீதத் திரிபுக்குள். இரண்டாவது: 6 ஓமில், ஒரே ஒரு சானலில், 1 கிலோஹெர்ட்ஸ் சுருதியில் மட்டும், 10 சதவீதத் திரிபோடு. பத்து சதவீதத் திரிபு என்றால் பாடகரின் குரலில் சரளைக் கல் விழுந்தது போல இருக்கும். கடைக்காரர் காட்டும் அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது எப்போதும் இரண்டாவதுதான்.

இந்த விளையாட்டு புதிதல்ல. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 1974-இலேயே அம்ப்களின் வாட் விளம்பரத்துக்கு விதி போட்டது. 2024-இல் அதைத் திருத்தி, அளக்கும் நிபந்தனைகளை இன்னும் இறுக்கியது. நம் சந்தைக்கு வரும் பல செட்டுகளில் ‘பிஎம்பிஓ’ என்று ஆயிரக்கணக்கில் எழுதியிருப்பதற்கோ எந்த நியமமும் கிடையாது. உற்பத்தியாளர் மனதில் தோன்றிய எண் அது. அந்தச் சொல்லைக் கண்டால் அட்டையை மடித்து வைத்துவிடலாம்.

வாட் இரட்டித்தாலும் சத்தம் இரட்டிப்பதில்லை. 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கூடுவது 3 டெசிபல், காதால் ‘கொஞ்சம் கூடியிருக்கிறது’ என்று உணரும் அளவு. அந்த 3 டெசிபலுக்காகக் கொடுக்கும் காசில் ஜன்னலுக்குத் தடித்த திரையும் தரைக்குப் பாயும் வாங்கினால் பேச்சு தெளிவாகக் கேட்கும்.

பெட்டியைக் கையில் தூக்கிப் பார்க்கச் சொல்வது பழைய ரிப்பெயர்காரர்களின் வழக்கம். சிரிக்க வேண்டாம். பாரத்தில் பெரும் பங்கு மின்வழங்கியின் டிரான்ஸ்ஃபோமருக்கும் சூடு கடத்தும் அலுமினியத்துக்கும் உரியது. இரண்டு ரிசீவர் ஒரே வாட் சொல்லி, ஒன்று எட்டரை கிலோவும் மற்றது ஐந்து கிலோவும் இருந்தால் என் கை எட்டரைப் பக்கம்தான் போகும். (டிஜிட்டல் அம்ப் என்று சொல்லும் டி வகுப்புப் பெட்டிகளுக்கு இது பொருந்தாது. அவை இயல்பிலேயே இலேசானவை.)

குறைந்த வாட் பெட்டியே ஸ்பீக்கரைக் கெடுக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. அம்ப் தன் எல்லையைத் தாண்டி அலையின் தலையை வெட்டினால் அதில் பிறக்கும் உயர் சுருதிகள் ட்வீட்டரை எரிக்கும். எல்லையைத் தாண்டுவது குமிழைத் திருகுகிறவரின் கை.

5. காம்பராவும் ஹோலும்

தோட்ட லயக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. இந்த அளவு ஒலியியலில் ஒரு வினையைக் கூட்டுகிறது. பன்னிரண்டு அடி நீளத்தில் 47 ஹெர்ட்ஸும் பத்து அடி அகலத்தில் 56 ஹெர்ட்ஸும் சுவருக்குச் சுவர் நின்று முழங்கும். இரண்டுமே வூஃபரின் நடு வயிற்றில் விழும் சுருதிகள். மூலையில் வூஃபரை வைத்துப் பறைமேளப் பாட்டு ஒன்றைப் போட்டால், சில அடிகள் கூரையையே தூக்குவதும் சில அடிகள் காணாமல் போவதும் அதனால்தான். இதற்கு வாட் மருந்தல்ல. ரிசீவரோடு வரும் மைக்கை உட்காரும் இடத்தில் வைத்து அளந்து திருத்தும் வசதி ஓரளவு உதவும். யமஹாவில் அது வைபிஏஓ, டெனனில் ஒடிசி. வூஃபரை மூலையிலிருந்து இரண்டடி இழுத்து வைப்பது அதைவிட அதிகம் உதவும், காசும் இல்லை.

சின்ன ஸ்பீக்கர்களை மெனுவில் ‘ஸ்மோல்’ என்று குறித்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வூஃபருக்கு அனுப்பிவிட வேண்டும். கைப்பிடி அளவுச் சின்னப் பெட்டிகளுக்கு 120 கூட வைக்கலாம். தன் ஸ்பீக்கரைச் சின்னது என்று குறிக்க மனம் வராமல் ‘லார்ஜ்’ என்று வைக்கிறவர்கள் ஐந்து அங்குலக் கோனிடம் இடியைக் கேட்கிறார்கள்.

தகரக் கூரைக்குக் கீழே வாழ்கிறவருக்கு மழை வந்தால் படம் முடிந்த மாதிரிதான். அதை எந்த ரிசீவரும் வெல்லாது. இரவுக்கோ வேறு பிரச்சினை. பழைய லயங்களில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். வசனம் கேட்க வொல்யூமைக் கூட்டினால் அடுத்த காட்சியில் துப்பாக்கி வெடித்து அடுத்த வீட்டுப் பிள்ளை எழும்பும். இதற்கென்றே பல ரிசீவர்களில் இரவு நேர மோட் ஒன்று இருக்கிறது. மெல்லிய சத்தத்தை ஏற்றி, பெரிய சத்தத்தை இறக்கி, இரண்டையும் கிட்டக் கொண்டுவரும். லயத்தில் இருப்பவர் வாட் கேட்பதற்கு முன் இதைக் கேட்க வேண்டும். நடு ஸ்பீக்கரின் அளவை மட்டும் 2 டெசிபல் ஏற்றி வைத்தாலும் வசனம் எழுந்து நிற்கும்.

6. மின்னலும் கரண்டும்

நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். எழுத்தில் அப்படி. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் ரிசீவர்களுக்கு ஓய்வு கிடைத்தது என்னவோ உண்மை. கரண்ட் திரும்பி வந்த நொடியில்தான் பல போயின. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடு முழுக்க இருண்டது. மாத்தளைக்காரருக்குக் குரங்கு புதிதல்ல, ஆனால் இவ்வளவு தூரத்திலிருந்து வந்து வீட்டுப் பெட்டியைத் தொட்ட குரங்கு அதுதான். கரண்ட் போனதும் ரிசீவரின் பிளக்கைக் கழற்றி, திரும்பி வந்து ஐந்து நிமிடம் கழித்துச் சொருகுவது நல்ல பழக்கம்.

மின்னல் வேறு வழியிலும் வரும். கூரையில் உள்ள டிஷ் அல்லது அன்டெனா வயரில் இறங்கி, டிகோடருக்குள் போய், அங்கிருந்து எச்டிஎம்ஐ வயரில் டீவிக்கும், டீவியிலிருந்து இன்னோர் எச்டிஎம்ஐயில் ரிசீவருக்கும் நடக்கும். கரண்ட் பிளக்கைக் கழற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கியவரின் பெட்டியும் இப்படித்தான் சாகிறது. அந்த நிலையில் எரிவது பெரும்பாலும் எச்டிஎம்ஐ பலகை மட்டும். அம்ப் பகுதி நலமாகவே இருக்கும். ரேடியோ பாடுகிறதா, பின்பக்க ஓடியோ வாய்களில் சத்தம் வருகிறதா என்று பார்க்காமல் பெட்டியைக் குப்பையில் போடக் கூடாது.

டீவியிலிருந்து ரிசீவருக்கு ஒளியிழை வயர், கடையில் ‘ஒப்டிகல்’ என்று கேட்டால் தருவது, போட்டால் அந்தப் பாதையில் உலோகமே இல்லை. மின்னல் அதில் நடக்காது. டொல்பி டிஜிட்டல் 5.1-ஐயும் டிடிஎஸ்ஸையும் அது தாராளமாகச் சுமக்கும். கொழும்பில் இருக்கிறவருக்கு ஒப்டிகல் பழைய சாமான். மாத்தளையில் இருக்கிறவருக்கு அது காப்புக் கயிறு.

சேர்ஜ் புரொடெக்டர் வாங்குகிறவர்கள் எர்த் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. மின்னல் வேகத்தை அது தள்ளிவிட வேண்டிய இடமே எர்த்தான். பழைய வீட்டு உருண்டைப் பின் சொக்கெட்டில் இரண்டு பின் அடப்டர் வைத்துச் சொருகினால் அந்தக் காவல்காரனுக்கு வெளியே போக வாசல் இல்லை.

ஜப்பான் ரிசீவர் பற்றி. அவை 100 வோல்ட். 230-ஐ 100 ஆக்கும் டிரான்ஸ்ஃபோமர் இல்லாமல் சொருகினால் ஒரு நொடியில் கதை முடியும். ரிசீவர் 300 வாட் இழுக்கும் என்றால் டிரான்ஸ்ஃபோமர் 500-க்குக் குறையக் கூடாது. ‘ஜப்பான் சாமான்’ என்று வாங்கிக்கொண்டு வந்தவர் பிறகு கண்டுபிடிக்கும் இன்னொன்று: அதன் எஃப்எம் பட்டை பெரும்பாலும் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை. நம் தமிழ் வானொலிகளில் பல அதற்கு மேலே இருக்கின்றன. சூரியனும் சக்தியும் தேடித் தேடி ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலே கிடைத்தால் பெட்டியில் பழுதில்லை.

7. பின்பக்கத்து வாய்கள்

இதைச் சுருக்கமாகவே முடிக்கலாம். டீவியின் சத்தத்தைத் திருப்பி அனுப்பும் ஏஆர்சி 2009-இல் எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்தது. 4கே படத்தை 60 ஃப்ரேமில் கடத்த 2013-இன் 2.0 வேண்டும். ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான ஈஏஆர்சியும் 8கேயும் 2017-இல் அறிவித்த 2.1-ஐச் சேர்ந்தவை. பழைய டீவி வைத்திருப்பவர் 2.1-க்காகக் காசு கொட்ட வேண்டியதில்லை. பாவித்த ரிசீவர் வாங்குகிறவர் மட்டும், அது 4கேயைக் கடத்துமா, எச்டிசிபி 2.2 என்னும் நகல்காப்பு முறை அதில் உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அல்லது படத்தை நேரே டீவிக்கும் சத்தத்தை மட்டும் ஒப்டிகலில் ரிசீவருக்கும் கொடுத்தால் இந்தக் கேள்வியே எழாது.

டொல்பியின் அட்மொஸ் என்னும் சுற்றொலி முறை 2012-இல் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ‘சிவாஜி’ முப்பரிமாணப் படமாக மறுபடி வந்தபோது தமிழ்ப் படமும் அதில் ஏறியது. அட்மொஸ் நல்லதுதான். ஆனால் அது தலைக்கு மேலே ஸ்பீக்கர் கேட்கும், அல்லது மேலே சத்தத்தை எறிந்து திருப்ப மட்டமான சிலிங் கேட்கும். சரிந்த தகரக் கூரைக்கு அது என்ன செய்யும்? வீட்டில் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு வூஃபரும் இருக்கின்றன, 5.1 ரிசீவர் போதும். ஒன்பது சானல் வாங்கினால் நாலு சானல் பட்டினி.

நிறுவனம் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானின் ஒன்கியோ 2022-இல் வங்குரோத்து மனுப் போட்டது. பெயர் இன்று வேறு கைகளில் தொடர்கிறது. பெயர்ப் பலகையைக் கண்டு மயங்காமல், உதிரிப்பாகமும் உத்தரவாதமும் யார் தருகிறார்கள் என்று கேட்பதே முறை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மலிவாகக் கிடைக்கலாம். பெட்டி பழுதானால் அதைத் தூக்கிக்கொண்டு மாத்தளையிலிருந்து கொழும்புக்குப் பஸ் ஏற வேண்டியது நாம்தான்.

8. இரண்டு வீடுகள்

8.1 என் வீடு. முன்னால் இரண்டு 8 ஓம் மரப்பெட்டிகள், 88 டெசிபல். நடு ஸ்பீக்கரும் பின் ஸ்பீக்கர்களும் 8 ஓம். வூஃபருக்குத் தனிக் கரண்ட் வயர் உண்டு. ஓர் ஒக்டோபரில் டிஷ் வழியாக மின்னல் வந்து ரிசீவரின் எச்டிஎம்ஐ வாய்கள் எல்லாம் செத்தன. ஒப்டிகல் போட்டுப் பார்த்தேன், பாடியது. இன்னும் இரண்டு வருடம் அப்படியே ஓட்டினேன். பிறகு ஒரு பக்கம் சத்தம் விட்டு விட்டு வரத் தொடங்கியதும் மாற்றினேன். கடையில் ஓம் பற்றிக் கேட்டதற்கு, “அதெல்லாம் பாக்கத் தேவையில்ல சேர், எல்லாத்துக்கும் வேல செய்யும்” என்றார் விற்பனைத் தம்பி. என் ஸ்பீக்கருக்கு அது உண்மைதான், 8 ஓம் எதற்கும் அடங்கும். ஐந்து சானல், 8 ஓமில் இரண்டு சானல் ஓடும்போது 70 வாட், ஒப்டிகல் வாய் இரண்டு, இரவு மோட். அதை எடுத்தேன். அதற்கு முன்னாலேயே முன் ஸ்பீக்கர்களின் ஃபோமை மாற்றி ரப்பர் போட்டாயிற்று. உண்மையில் காது உணர்ந்த வித்தியாசம் அந்த ரப்பர்தான்.

8.2 உக்குவளைப் பக்கம் மச்சான் வீடு. குவைத்திலிருந்து அக்கா கொண்டுவந்த டிவிடி செட். இடியில் தாய்ப் பெட்டி போயிற்று.

“மச்சான், இதுக்குப் பெரிய ரிசீவரா ஒன்னு எடுப்போம். ஏழு சானல். பெட்டியிலயே ஆயிரம் வாட்டுன்னு போட்டிருக்கு.”

ஸ்பீக்கரைத் திருப்பினேன். 3 ஓம். மல்டிமீட்டர் 2.7 காட்டியது. வூஃபருக்குக் கரண்ட் வயர் இல்லை. அதன் பிளக்கும் அந்த நிறுவனத்துக்கே உரிய பிளாஸ்டிக் வாய், சாதாரண ரிசீவரில் போகாது. வயரை வெட்டி மாட்டலாம்தான். மாட்டினால் என்ன ஆகும் என்று 3.1-இல் சொன்னதை அவனுக்கும் சொன்னேன்.

“அப்ப இரண்டு ஸ்பீக்கரைச் சேர்த்து ஒன்னாக்குனா?”

கெட்டிக்காரத்தனமான கேள்வி. இரண்டு 3 ஓமைத் தொடராக இணைத்தால் 6 ஓம், ரிசீவர் ஏற்றுக்கொள்ளும். ஆனால் நான்கு ஸ்பீக்கர் இரண்டு ஆகிவிடும், பின்னாலிருந்து வந்த சத்தம் போய்விடும், வூஃபரோ இன்னும் அநாதை. பெரிய ரிசீவரின் விலை கொடுத்துச் சின்ன ஸ்டீரியோ ஒன்று கட்டுவதற்கு என்ன நியாயம்? தீர்ப்பு: ரிசீவர் வேண்டாம். தாய்ப் பெட்டியைப் பிழைக்க வைக்க முடியுமானால் அதுவே அந்த ஸ்பீக்கர்களுக்குப் பொருத்தம். முடியாவிட்டால் ஸ்பீக்கரும் ரிசீவரும் இரண்டுமே புதிது.

திருகோணமலை வீதியில் ஒரு சின்னக் கடையில் கொடுத்தோம். மின்வழங்கியில் ஃபியூஸ், டையோடுகள், ஒரு ட்ரான்சிஸ்டர். மூன்றாம் நாள் பெட்டி பாடியது. டிவிடி லென்ஸ் ஏற்கெனவே குருடு, அதை யாரும் கேட்கவும் இல்லை. டீவியிலிருந்து ஒப்டிகல் வயர் போட்டுக் கொடுத்தேன். மிச்சக் காசில் மச்சான் வீட்டுக்கு எர்த் அடித்தான், ட்ரிப் சுவிட்சும் போட்டான். அடுத்த நவம்பரில் முதல் இடி கேட்டதும் அவன் ஓடிப்போய்க் கழற்றியது டிஷ் வயரை.